பெட்டியோடு அளந்தது

கொட்டாஞ்சேனையில் சவுந்தரநாயகத்தைப்போல அளவு தெரிந்த மனிதர் இன்னொருவர் இல்லை. இதை அடிக்கடி சொன்னவர் சவுந்தரநாயகமேதான் என்றாலும், அந்தத் தொடர்மாடியில் அதை மறுத்துப் பேச ஆளில்லை. கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் சரக்கு அளந்தவர். கப்பலிலிருந்து இறங்குவது மரப்பெட்டியோ, இரும்புப் பெட்டியோ, சாக்குக் கட்டோ, எதுவானாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எடுப்பார். பெட்டியின் பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். கீழே தன் பெயரைச் சுருக்கிப் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். அவர் எழுதியதை இரண்டாந்தரம் அளந்து பார்த்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அவர்களும் மூக்குடைபட்டுத்தான் திரும்பினார்கள். ஓய்வுபெற்ற அன்று உடன் வேலை செய்தவர்கள் மாலையோடு வந்தபோது, "மாலை வாடிப்போகும், என்ட டேப்பைத் தாங்க" என்று கேட்டு வாங்கிவந்த உருக்கு நாடா அதன்பிறகு ஒருநாளும் அவருடைய காற்சட்டைப் பையைவிட்டுப் போனதில்லை.

இப்பேர்ப்பட்டவர் ஒரு டிவிக்குக் கபினட் செய்யப்போய்ப் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, யுத்தக் காலம். மகள் டோரினுக்குக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பதவி உயர்வு கிடைத்தது. முதல் வேலையாக முப்பத்திரண்டு அங்குல பிளாட் டிவி ஒன்றை வாங்கி, ஓட்டோவில் ஏற்றி, வழியில் இரண்டு செக் பொயின்ட்டில் பில்லைக் காட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். வெளிநாட்டிலிருந்து யாரும் அனுப்பியதல்ல, தன் பிள்ளை இங்கேயே உழைத்து வாங்கியது என்பதில் சவுந்தரநாயகத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று. பெட்டியை முன்னறையின் நடுவே வைத்து, கதவையும் திறந்து விட்டுக்கொண்டார். வாசலுக்கு வெளியே நடையால் போகிறவர்கள் பார்க்கட்டும்.

"டடா, திறங்களேன். பாப்பம்" என்றாள் டோரின்.

"பொறு மகள். வைக்க இடமில்லாம சாமானை வெளிய எடுக்கிறதா? முதல்ல கபினட்."

அவர் அப்படிச் சொன்னதற்கு மேல்மாடி ஒஸ்வால்ட் ஒரு காரணம். ஒஸ்வால்ட் ஓய்வுபெற்ற தபால் அதிபர். கோயில் சபையில் செயலாளர். சிறுவயதில் சவுந்தரநாயகத்தோடு ஒரே நாளில் தேவாலயத்தில் புதுநன்மை வாங்கியவர். அன்றிலிருந்து இன்றுவரை இருவருக்கும் போட்டிதான். மூன்று மாதத்துக்கு முன்னர் அவர் வீட்டுக்கும் ஒரு பிளாட் டிவி வந்தது. அதைப் பழைய குண்டு டிவி இருந்த ஸ்டான்டிலேயே தூக்கி வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் அரைச் சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பார்க்கப் போன சவுந்தரநாயகம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "என்ன ஒஸ்வால்ட், குட்டி ஸ்டூல்ல பெரிய மனுசன் குந்தின மாதிரி இருக்குது. என்ட வீட்டுக்கு வரட்டும், சரியான அளவு என்டா என்னெண்டு காட்டுறன்" என்று பத்துப் பேருக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்திருந்தார். சொன்ன சொல்லை இப்போது நிறைவேற்றியாக வேண்டும்.

சனிக்கிழமை தகப்பனும் மகளும் வெள்ளவத்தைக்குப் போனார்கள். காலி வீதியில் தளபாடக் கடை ஒன்றும் விடவில்லை. எல்லாம் பழைய குண்டு டிவிக்குச் செய்த கபினட்டுகள். ஆழம் முக்கால் அறையை விழுங்கும், அகலம் போதாது. சவுந்தரநாயகம் ஒவ்வொன்றிலும் நாடாவை நீட்டுவார், உதட்டைப் பிதுக்குவார், நாடாவைச் சுருட்டுவார். கடைசிக் கடையில் வரதராசா என்ற விற்பனையாளர் பொறுமையிழந்து, "ஐயா, உங்கட டிவி முப்பத்திரண்டு தானே? இந்தக் கபினட்டும் முப்பத்திரண்டு. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ" என்றார்.

சவுந்தரநாயகம் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"தம்பி, முப்பத்திரண்டு என்டிறது மூலைக்கு மூலை. அகலம் வேற, உயரம் வேற. அளவு தெரியாம தளபாடம் விக்கலாமா?"

கடையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் டோரின் சிரித்துக்கொண்டே வந்தாள். தகப்பன் யன்னலோரமாக, படம் எடுக்கப்போகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார்.

கபினட்டைச் சொல்லித்தான் செய்விக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்களுடைய தொடர்மாடி நின்ற ஒழுங்கையின் முடிவில் பௌஸி பாஸின் தச்சுப் பட்டறை இருந்தது. நாற்பது வயதுக்காரர், வாய் குறைவு, கை சுத்தம். அவர் இழைத்த கதவை மூடினால் மூடிய சத்தம் கேட்காது என்பார்கள்.

சவுந்தரநாயகம் வீட்டுக்கு வந்து, முன்னறையில் நின்ற பெட்டியைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். நீளம் முப்பத்தெட்டு. உயரம் இருபத்தைந்தரை. ஆழம் ஒன்பதே முக்கால். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தார். நீளத்துக்கும் உயரத்துக்கும் மட்டும் போய்வரக் கால் அங்குலம் கூட்டினார். கடதாசியில் எழுதி, கீழே பெயரைச் சுருக்கி வைத்தார்.

"டடா, பெட்டியைத் திறந்து அளந்தா என்ன?" என்று டோரின் ஒரு தரம் கேட்டாள்தான். அதை மறைக்கக் கூடாது.

"சீல் உடைக்காம அளக்கிறவன்தான் அளவுக்காரன்" என்றார் அவர். துறைமுகத்தில் அதுதான் சட்டம். பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பது சுங்கத்தின் வேலை. வெளியே எவ்வளவு என்று பார்ப்பது இவருடைய வேலை. எது ஆகக்கூட நீட்டிக்கொண்டு நிற்கிறதோ அதிலிருந்துதான் நாடாவைப் பிடிக்க வேண்டும், அந்த அளவுக்குத்தான் கப்பலில் இடம் கொடுப்பார்கள். முப்பத்தாறு வருடப் பழக்கம் ஆளுடைய ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அவர் பெட்டியை அளந்தார். பெட்டிக்குள் இருந்ததை அளக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

பௌஸி பாஸ் கடதாசியை வாங்கிப் பார்த்தார். "ஐயா, டிவிய ஒருக்கா கண்ணால பாத்துக்கொள்ள ஏலுமா?"

"ஏன்? என்ட அளவு எங்கயாவது பிழைச்சிருக்கா?"

"அல்லாவே, நான் அப்பிடிச் செல்லல்ல ஐயா. நீங்க எழுதித் தந்தா போதும்."

இரண்டு வாரத்தில் கபினட் வந்தது. தேக்கு. கீழே இரண்டு கதவு, ஓரத்தில் புத்தகத் தட்டு, நடுவில் டிவி உட்காரும் குழி. ஒழுங்கைக்காரர்கள் நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கி வந்தார்கள். பெண்சாதி மெற்றில்டா முன்றானையால் தூசைத் தட்டிக்கொண்டே, "வடிவா இருக்குது பாஸ்" என்று மூன்று தரம் சொன்னாள். தூக்கி வந்தவர்களுக்குச் சோடா கொடுத்து அனுப்பினார்கள். டோரின் வேலைக்குப் போயிருந்தாள். அறையில் மிஞ்சியவர்கள் சவுந்தரநாயகம், அவர் பெண்சாதி, பௌஸி பாஸ்.

சவுந்தரநாயகம் கறிக்கத்தியால் பெட்டியின் சீலை உடைத்தார். மேல்மூடியைத் திறந்ததும் சாமான் அடிபடாமல் வைக்கும் ஒரு தடித்த ரெஜிபோம் கட்டி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. மறுபக்கத்தில் இன்னொன்று. வெள்ளை வெள்ளையாக எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நடுவிலிருந்து டிவியைத் தூக்கியபோது அது இவ்வளவு பாரமில்லாமலும் இவ்வளவு சின்னதாகவும் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

குழிக்குள் வைத்தார்கள். இடது பக்கம் மூன்றரை அங்குலம். வலது பக்கம் மூன்றரை. மேலே மூன்று. பின்னால் மெற்றில்டா கையை விட்டுப் பார்த்தாள். முழங்கைவரைக்கும் போயிற்று.

"என்னங்க இது, கை போகுதே" என்றாள்.

பௌஸி பாஸ் தன் பையிலிருந்த கடதாசியை எடுத்துப் பார்த்தார். பிறகு ரெஜிபோம் கட்டிகளைப் பார்த்தார். விளங்கிவிட்டது. விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் கடதாசியை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். அந்த மரியாதைதான் சவுந்தரநாயகத்தை அதிகமாகச் சுட்டது. முப்பத்தாறு வருடத்தில் இப்படியொரு பிழை அவர் கையால் நடந்ததில்லை. இனி ஒஸ்வால்ட் வருவார், பார்ப்பார், ஒரு வார்த்தை சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார். அது போதும், ஆளைக் கொல்ல.

"பாஸ்," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த இடைவெளிக்கெல்லாம் பலகை வச்சு அடிச்சா என்ன?"

"அடிக்கலாம் ஐயா. இதே தேக்கில அடிச்சா ஒத்தருக்கும் தெரியாது."

"இந்த விசயம் நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

"நான் வாயே தொறக்கமாட்டன்" என்றார் பௌஸி பாஸ்.

அன்று பின்னேரமே இரண்டு பக்கமும், மேலும், பின்னும் பலகை ஏறியது. டிவி குழியில் அச்சொட்டாகப் பொருந்திற்று. நகம் போகவும் இடமில்லை. வெறும் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தார்கள். கொழும்பில் வாடகைக்கு இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பம் பெட்டியை எறிந்திருக்கிறது? எப்போது எங்கே கட்டிக்கொண்டு ஓட வேண்டி வருமோ!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அரைவாசிக் கோயிலே அவர்கள் வீட்டுக்கு வந்தது. ஒஸ்வால்ட் கபினட்டை முன்னால் நின்று பார்த்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார். குறை பிடிக்கத்தான் வந்தார், ஒன்றும் அகப்படவில்லை.

"சரியான அளவுதான் மேன்" என்றார் கடைசியில். அந்த மூன்று சொல்லும் வாயைவிட்டு வருவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. "கோயில் மண்டபத்துக்கு அலுமாரி பன்னிரண்டு செய்ய வேணும். பௌஸி பாஸுக்கே குடுக்கச் சொல்லி பாதரிட்டச் சொல்லப்போறன்."

சவுந்தரநாயகத்துக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் சாப்பாட்டில் கிடக்கும் மயிர்போல ஏதோ ஒன்று கூடவே வந்தது. அதன்பிறகு டிவி பார்க்க உட்கார்ந்தால் அவர் கண் படத்தில் நிற்காது. பக்கப் பலகைக்குப் போகும். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். டொக் என்று வெறுஞ்சத்தம் கேட்கும். மெற்றில்டா நிமிர்ந்து பார்ப்பாள். கையை எடுத்துவிடுவார்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, டோரின் வேலைக்குப் போன பிறகு, ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். புதிதாக ஒன்றுமில்லை. எல்லோரும் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு நடையில் வரிசையாக நிற்க வேண்டும். ஆமிக்காரர் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். கட்டிலைத் தூக்கி, அலுமாரியைக் கிளறி, முடிந்ததும் போய்விடுவார்கள். மெற்றில்டா இதற்கென்றே அலுமாரியில் உடுப்புகளைக் கலைத்தாலும் மடிப்புக் குலையாதபடி கட்டிக் கட்டி வைத்திருப்பாள்.

அன்று வந்த சார்ஜன்ட் வெற்றிலை போட்ட, நடுத்தர வயதுக்காரர். இரண்டு பேரோடு உள்ளே வந்தார். கட்டில், அலுமாரி, சமைக்கும் குசினி எல்லாம் பார்த்தார். போகிற போக்கில் கபினட்டைக் கண்டு நின்றார். பிடித்துப்போன முகத்தோடுதான் நின்றார். தேக்கைத் தடவினார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு விரலை மடக்கிப் பக்கப் பலகையில் தட்டினார்.

டொக்.

முகம் மாறிற்று. மற்றப் பக்கம் தட்டினார். கபினட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தட்டினார். எல்லா இடமும் டொக், டொக் என்றது. வெறுஞ்சத்தம் வந்த அகலத்தை விரலால் அளந்து பார்த்தார்.

"அங்கிள், இதுக்குள்ளே என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒன்றுமில்லை" என்று சவுந்தரநாயகமும் சிங்களத்திலேயே சொன்னார்.

"ஒன்றுமில்லாத இடத்துக்கு எதற்குப் பலகை?"

இந்தக் கேள்விக்குப் பதில் சவுந்தரநாயகத்திடம் இருந்தது. வாயில் வரவில்லை. கதவு விரியத் திறந்திருந்தது. நடையில் ஒழுங்கையே நின்றது. முன்வரிசையில் ஒஸ்வால்ட். மெற்றில்டா பதிவுத் துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"யார் செய்தது இதை?"

பௌஸி பாஸைக் கீழே வரிசையிலிருந்து கூட்டிவந்தார்கள். இடுப்பில் உடுத்திருந்த சாரத்தில் மரத்தூளோடு வந்து நின்றார். இந்தப் பொய்ப் பலகையை ஏன் அடித்தாய் என்று சார்ஜன்ட் கேட்டார். பௌஸி பாஸ் சவுந்தரநாயகத்தின் பக்கம் ஒரு தரம் பார்த்தார். ஒரே ஒரு தரம்தான்.

"என் பிழை, மாத்தயா" என்றார். "நான் பிழையாக வெட்டிவிட்டேன். அதை மறைக்கப் பலகை வைத்தேன்."

நடையில் சலசலப்பு எழுந்தது. "பிழையா வெட்டினவனா? இவனுக்கா நான் மண்டபத்து வேலையைக் குடுக்கப் பாத்தனான்?" என்று ஒஸ்வால்ட் பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னது சவுந்தரநாயகத்தின் காதில் விழுந்தது.

சார்ஜன்ட் தலையை ஆட்டினார். "பொய். நான் மொரட்டுவைக்காரன், தச்சர்களின் ஊர். என் அப்பா தச்சர். இந்த மூட்டுகளைப் போட்ட கை மூன்றரை அங்குலம் பிழையாக வெட்டாது. சொல், எதை வைக்கச் சொல்லி இந்தப் பொந்தைச் செய்வித்தார்கள்? எத்தனை வீட்டுக்குச் செய்து கொடுத்தாய்?" பின்னால் நின்றவன் பக்கம் திரும்பினார். "இந்த ஆளை ஜீப்பில் ஏற்று. அங்கே போய்க் கேட்போம்."

அந்த நாட்களில் ஜீப்பில் ஏற்றுவது என்றால் என்னவென்று அங்கே நின்ற ஒருவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆள் இன்றைக்குப் பின்னேரமும் திரும்பி வரலாம், ஆறு மாதத்திலும் வரலாம். வராமலும் போகலாம். பௌஸி பாஸின் முகம் வெளிறிப்போயிற்று. அப்போதும் வாய் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்காக? கால் காசு பெறாத ஒரு கிழவனின் வீம்புக்காக. சவுந்தரநாயகத்துக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. உடனே கோபம் வந்தது. கோபம் வந்ததும் வாயும் வந்துவிட்டது.

"நில்லுங்கள்!" என்றார்.

துறைமுகத்தில் பாரந்தூக்கிச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரல். சார்ஜன்ட்கூடத் திடுக்கிட்டுப் போனார்.

"பாஸ் சொன்னது பொய். அவர் வெட்டியது சரி. நான் அளந்ததுதான் பிழை." சிங்களத்தில் சொன்னார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, ஒஸ்வால்டின் கண்ணைப் பார்த்து, அதையே தமிழிலும் சொன்னார். "கேட்டீங்களா எல்லாரும்? நான் அளந்ததுதான் பிழை. வெக்கத்துக்குப் பலகை வைக்கச் சொன்னதும் நான்தான். வாயைத் திறக்காதீங்க என்டு பாஸிட்டக் கேட்டதும் நான்தான்."

நடையில் நின்றவர்கள் ஒஸ்வால்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சார்ஜன்ட் நம்பவில்லை. "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?"

"ஹாபரில் முப்பத்தாறு வருடம். சரக்கு அளந்து எழுதும் கிளாக்."

"முப்பத்தாறு வருடம் அளந்தவர் ஒரு டிவியை ஏழு அங்குலம் பிழையாக அளந்தாரா?" சார்ஜன்ட் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பல்ல. "அங்கிள், உங்கள் கதை அந்த ஆளின் கதையைவிட மோசம்."

தான் இத்தனை காலம் கட்டிக்காத்த பெயரே இப்போது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதைச் சவுந்தரநாயகம் கண்டார். அப்போது மெற்றில்டா, ஆமிக்காரரையும் பார்க்காமல் ஒருவரையும் கேட்காமல், ஒரு கதிரையை இழுத்து அலுமாரிப் பக்கம் போட்டாள். அதில் ஏறினாள்.

"இந்தாங்க, பிடிங்க" என்று மேலேயிருந்து வெறும் டிவிப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

அவருக்கு உடனே விளங்கிற்று. இவள் வாழ்நாளில் நாடாவைத் தொட்டதில்லை, ஆனால் தன்னைவிட விரைவாக அளந்துவிட்டாள் என்று நினைத்தார். பெட்டியை வாங்கிச் சார்ஜன்டுக்கு முன்னால் வைத்தார். "நான் அளந்தது இதை. பெட்டியைத் திறக்காமல், சீலை உடைக்காமல் அளந்தேன். ஹாபர்ப் பழக்கம். பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். இந்தப் பெட்டி அந்தக் குழிக்குள் போகாவிட்டால் பாஸை விட்டுவிட்டு என்னை ஏற்றுங்கள்."

சார்ஜன்ட் பெட்டியையும் குழியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பௌஸி பாஸுக்குக் கண்காட்டினார்.

டிவியைத் தூக்கி மேசையில் வைத்தார்கள். பௌஸி பாஸ் ஒவ்வொரு ஆணியாகத் திருகிக் கழற்றினார். மரத்தில் ஒரு கீறல் படவில்லை. முதல் பலகை வந்தது. உள்ளே வெறும் இருட்டு. இரண்டாவது, மூன்றாவது, பின்பலகை. ஆமிக்காரன் டோர்ச் அடித்துப் பார்த்தான். கொஞ்சம் மரத்தூள் கிடந்தது, வேறொன்றும் இல்லை.

சவுந்தரநாயகம் பெட்டியைத் தூக்கினார். வேறு யாரையும் தொட விடவில்லை. குழியின் வாயில் வைத்து மெல்லத் தள்ளினார். பெட்டி உரசாமல், தட்டாமல், ஆடாமல் உள்ளே போயிற்று. போய்ப் பின்சுவரைத் தொட்டு நின்றபோது அதன் முகமும் கபினட்டின் முகமும் ஒரே மட்டத்தில் நின்றன. குறுக்கே கால் அங்குலம், மேலே கால் அங்குலம். அவர் போய்வர விட்ட அந்தக் கால் அங்குலம்தான்.

சார்ஜன்ட் குனிந்தார். தச்சன் மகன் அல்லவா, ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் விளிம்பைப் பார்த்தார். அடையாள அட்டையைச் செருகிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் தோள் குலுங்கியது. முதலில் அடக்கப் பார்த்தார், முடியவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"ஹரியட்டம ஹரி, அங்கிள்!" என்றார். "ஆகச் சரி. என் அப்பா இருந்திருந்தால் பெட்டியைத் திறந்துபோட்டு அளக்கச் சொல்லியிருப்பார்."

"என் மகளும் அதைத்தான் சொன்னாள்" என்றார் சவுந்தரநாயகம்.

ஆமிக்காரர் இருவரும் சிரித்தார்கள். நடையிலும் சிரிப்பு எழுந்தது. சார்ஜன்ட் பௌஸி பாஸின் தோளில் தட்டி, போ என்று சைகை காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பௌஸி பாஸ் போகவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று முகத்தைத் துடைத்தார். சவுந்தரநாயகம் அவர் முன்னால் போய் நின்றார்.

"நான் மன்னிப்புக் கேக்கிறன் பாஸ். வாக்குக் கேட்டது என்ட பிழை. நீங்க அதைக் காப்பாத்தினது பெரிய மனுசத்தனம்."

"விடுங்க ஐயா." பௌஸி பாஸ் குழிக்குள் நின்ற பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "ஆனா பாருங்க ஐயா, உங்கட அளவும் என்ட வெட்டும் எப்பிடிச் சேந்து ஈக்கு!"

அதைக் கேட்டதும் சவுந்தரநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தால் அல்ல. பெருமையால்தான். இந்த வயதிலும் தன் கை நாடாவைப் பிடித்தால் மயிரிழை பிசகாது, பிசகியது எதை அளந்தோம் என்பதில்தான். அதை ஊருக்கு முன்னால் சொல்லவும் தனக்கு வாய் இருந்தது. ஓய்வுபெற்ற நாளில் போடாத மாலையை யாரோ இப்போது கழுத்தில் போட்டதுபோல இருந்தது அவருக்கு.

ஒஸ்வால்ட் உள்ளே வந்தார். பெட்டியின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "மண்டபத்து அலுமாரி வேலை பாஸுக்குத்தான்" என்றார். போனவர் வாசலில் திரும்பி நின்றார். "என்ட டிவியையும் ஒருக்கா வந்து அளந்துவிடு மேன். நான் பெட்டியை ஒளிச்சு வைக்கிறன், அதால பயமில்லை."

"வாறன்" என்றார் சவுந்தரநாயகம். இந்த ஒரு நக்கலுக்கு அவருக்குக் கோபம் வரவில்லை.

பௌஸி பாஸ் பலகைகளைத் திரும்ப அடிக்கட்டுமா என்று கேட்டார். "வேண்டாம், கொண்டுபோங்க" என்றார் சவுந்தரநாயகம். டிவியை வெறும் குழிக்குள்ளேயே வைத்தார்கள். இடது பக்கம் மூன்றரை அங்குலம், வலது பக்கம் மூன்றரை. பிறகு அவர் பென்சிலைச் சீவினார். டிவிக்கு வலப்பக்கத்து இடைவெளியில் தெரிந்த பின்சுவரில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடத்தில், மூன்று அளவையும் துறைமுகத்தில் எழுதியதுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். அதன் கீழே: பெட்டியோடு அளந்தது. பிழை என்னுடையது. வெட்டியது சரி. அதற்குக் கீழே தன் பெயரை, சுருக்காமல், முழுதாக எழுதினார்.

அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் டிவியைப் பார்க்குமுன் அதைத்தான் வாசிப்பார்கள். என்னவென்று கேட்பார்கள். தேத்தண்ணி வருவதற்குள் சவுந்தரநாயகம் அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கிவிடுவார்.

மெற்றில்டா சனிக்கிழமைதோறும் எண்ணெய்த் துணியால் கபினட்டைத் துடைப்பாள். கதவு, தட்டு, குழி, மூலைமுடுக்கு எல்லாம் துடைப்பாள். அந்த எழுத்துக்குக் கிட்ட வந்ததும் துணியை மடித்து ஒரு விரலில் சுற்றிக்கொள்வாள். சுற்றிவரத் துடைத்துவிட்டு, எழுத்தின்மேல் மட்டும் படாமல் கையை எடுத்துவிடுவாள்.